இன்ஸ்பெக்டருக்கு இரண்டு யூனிட்

காலை ஏழு அடித்து இருபது நிமிடமாகியும் இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்பது பூனை. வருகிறவர்களின் செருப்பு முதல் பை வரை மோந்து பார்த்த பிறகே உள்ளே விடும் என்பதால் அந்தப் பெயர். நாலு மாதமாக அதற்குச் சர்க்கரை வியாதி. காலை ஏழு, மாலை ஏழு, முதலில் சாப்பாடு, பிறகு இரண்டு யூனிட் இன்சுலின். தையல்காரரின் மனைவி அதைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போய்ப் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவாள்.

நேற்று மாலை அவள் தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். "துணியைக் குத்துற கைக்கு இது வராது" என்று ஒரு குத்தும் விட்டுப் போனாள். முப்பது வருஷமாக ஊசி பிடிக்கிற தனக்கா என்று தையல்காரருக்கு ரோஷம். அவள் எழுதி வைத்த தாளில் ஒரு வரியின் கீழ் மட்டும் மூன்று கோடு: சாப்பிடவில்லையென்றால் ஊசி போடவே கூடாது.

பூனை கிண்ணத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. உணவைச் சூடுபண்ணி வைத்தார். வாசனை பொறுக்காமல் அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. நாற்காலி போட்டு இறக்கியதில் கையில் இரண்டு கீறல். கோழியை வேகவைத்துப் பிய்த்து நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாப்பிட்டுக் காட்டினால் சாப்பிடும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. நாலு காலில் நின்று கிண்ணத்துக்குள் தலையை விட்டு, சப்பென்று சத்தம் எழுப்பினார். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த வங்கி மேனேஜர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். அப்புறம் வருவதாக மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மணிக்கு மனைவி கூப்பிட்டாள்.

"சாப்பிட்டுச்சா?"

தோற்றேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கிண்ணத்தையே நக்கி வெச்சிடுச்சு. ஊசியும் போட்டாச்சு."

 "நிஜமாவா போட்டீங்க?" என்றாள். குரல் கம்மியிருந்தது.

அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன். தள்ளாடுகிறதா, சுருண்டு படுக்கிறதா, கண் செருகுகிறதா என்று ஒரே விசாரணை. பொய்யை மோப்பம் பிடித்துவிட்டாள் என்று தையல்காரருக்கு வியர்த்தது. நாலாவது போனில், உடனே டாக்டரிடம் கொண்டு போகும்படி கெஞ்சினாள். அவள் கெஞ்சி அவர் பார்த்ததே இல்லை.

பூனையைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை. தன் வீம்புக்கு ஒரு வாயில்லா ஜீவன் பலியாகிவிடுமோ என்று வழியெல்லாம் பைக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். ஆனது ஆகட்டும், டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

டாக்டர் காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார்.

"அற்புதம் சார். சர்க்கரை சரியா இருக்கு. வயிறு நிறைய சாப்பிட்டிருக்கு, மருந்தும் அளவா ஏறியிருக்கு. எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்லை."

சொல்ல வந்த உண்மையை விட்டுவிட்டு, டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டார். மனைவிக்குச் சொன்னதும் அவள் விட்ட பெருமூச்சு தெருவுக்கே கேட்டிருக்கும். "நீங்க கெட்டிக்காரர்தான்" என்று வேறு சொன்னாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எப்படி நடந்தது என்று புரியாவிட்டாலும், கிடைத்த பாராட்டைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமில்லை. துணிப்பையைத் தடவிக் கொடுத்தபடி நிம்மதியாக வீடு திரும்பினார்.

மாடியில் குடியிருக்கும் நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிப் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். பைக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துக் குழைந்து ஒரு குரல் கொடுத்தது. அவள் அதன் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னாள்:

"சமத்து அண்ணா இது. இன்னைக்கு ஆறேமுக்காலுக்கே தானா பின்கட்டுப் படியேறி வந்து, சாப்பிட்டு, ஊசியும் போட்டுக்கிட்டுப் போயிடுச்சு. அக்காவுக்குத்தான் ஊசின்னாலே கை நடுங்குமே, நாலு மாசமா நான்தானே போடறேன்."