நகரத்துக்குப் போய்வர என்ன செலவாகும் என்று கேட்ட மச்சானுக்கு

பிர்ச்வேல், சஸ்காச்சுவான்
பிப்ரவரி 9

விக்டோரியாவில் குடியேறி, பிப்ரவரியிலேயே பூவைப் பார்க்கும் பாக்கியம் பெற்ற மச்சான் வெஸ்லி அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் நெஸ்டர் ஹவ்ரிலுக் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும் டார்லீனும், பெண்கள் கலீனாவும் மிலாவும், நாற்பத்து மூன்று பசுக்களும், இதுவரை பிறந்த பதினேழு கன்றுகளும் சுகம். பதினெட்டாவது கன்று இதை எழுதி முடிப்பதற்குள் வரக்கூடும். வந்தால் பாதியில் எழுந்து போவேன், கோபிக்க வேண்டாம். அங்கே தங்கள் முழங்கால் வலி எப்படி என்று டார்லீன் கேட்கச் சொன்னாள்.

நிற்க. கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் தாங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "ஏன் மாப்ள, என் தங்கச்சிய வாரம் ஒருவாட்டி டவுனுக்குக் கூட்டிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவ? அரை டேங்க் டீசல், அவ்ளோதான செலவு?" என்றீர்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வேறு கேட்டீர்கள். அதன்பிறகு ஏழு சனிக்கிழமை சாஸ்கடூன் நகரத்துக்குப் போய்வந்துவிட்டோம். இந்த விஷயத்தில் இந்த மாவட்டத்திலேயே என்னைவிட விவரம் தெரிந்தவன் இல்லை என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போவது என்னவோ மிலாவின் முக்கால் மணி நேர நீச்சல் வகுப்புக்கு. ஆனால் நகரம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது நம்மைப் பிடிப்பதில்லை மச்சான், வேறு வழியில் பிடிக்கிறது. முதல் வாரம் கழிப்பறை. காபி வாங்கினால்தான் சாவி தருவேன் என்றான் கடைக்காரன். வாங்கினேன். அந்தக் காபி அரை மணி நேரத்தில் அடுத்த கடைக் கழிப்பறைக்கு அனுப்பியது, அங்கேயும் காபி. இப்படி நான்கு கடை ஏறி இறங்கி, வீடு வந்து சேர்ந்த பிறகும் விடியும்வரை கண்ணை மூட முடியவில்லை. இரண்டாம் வாரம் டார்லீன் நான்கு சட்டைப் பொத்தான் வாங்க உள்ளே போய், ஜன்னல் திரையோடு வெளியே வந்தாள். மூன்றாம் வாரம் வண்டி நிறுத்திய இடத்தில் ஏழு நிமிடம் கூடிவிட்டது என்று அபராதச் சீட்டு. நான்காவது, ஐந்தாவது வாரங்களைப் பற்றி எழுதினால் தங்கள் தங்கைக்குப் பிடிக்காது. ஆகவே ஆறாவது வாரம் எல்லா ஓட்டைகளையும் ஒரேயடியாக அடைத்துவிட்டேன்.

அன்று குளிர் மைனஸ் இருபத்தெட்டு. காசு கேட்காத பெரிய கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஒன்பது தெரு தள்ளியிருந்த நீச்சல் குளத்துக்கு எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போனேன். நடை உடம்புக்கு நல்லது. திரும்பி வரும்போது மட்டும், தொப்பிக்கு வெளியே தொங்கிய மிலாவின் ஈர முடி விறைத்துக் குச்சி குச்சியாக நின்றது. "என்னங்க, தொட்டா ஒடிஞ்சிடும் போல இருக்குங்க" என்று டார்லீன் பதறினாள். "தொடாத" என்றேன். யோசனை சரிதானே? சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பிரோஹிக் கொழுக்கட்டையை வெங்காயம் வதக்கிப் போட்டு, பெட்டியில் துண்டால் சுற்றி எடுத்து வந்திருந்தோம். டீசல் வீணாகக்கூடாது என்று என்ஜினை நிறுத்திவிட்டு, கன்றுகளுக்குப் போர்த்துகிற இரண்டு கம்பளியை நால்வரும் போர்த்திக்கொண்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் உறைந்து வெள்ளையாகிவிட்டது.

அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். சிவப்பு மேலங்கி போட்ட ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், கையில் ஆவி பறக்கும் சூப் கோப்பைகள். பெயர் கெய்லியாம். கடை விளம்பரத்துக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இலவசம் என்று வந்தபிறகு நான்கு கேள்விக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை?

"எவ்ளோ நாளா சார் இப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆறு வாரமாம்மா. சனிக்கெழம சனிக்கெழம இங்கதான்."

"மத்த நாள்ல எங்க தங்குறீங்க?"

"இந்த சீசன்ல பெரும்பாலும் மாட்டுக் கொட்டகையிலதான்."

"புள்ளைங்களுமா?"

"சின்னவ பகல்ல வருவா. பெரியவ எனக்கு மாத்தா ராத்திரி முழிப்பா. நல்ல பொண்ணு, மொகம் சுளிக்கமாட்டா."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ள ஹீட்டர் எதாவது இருக்கா?"

"இருக்கு. ஆனா அது கன்னுக்குட்டிக்கு மட்டும்."

பின்னிருக்கையில் கலீனா தொப்பியின் நாடாவை இழுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டாள். பதினாறு வயதில் பெண்கள் எதற்காவது வெட்கப்பட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், நான் அதைக் கவனிக்கவில்லை. கெய்லி பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டாள். பிர்ச்வேல் என்றதும், "எங்க பெரியம்மா ஊராச்சே! வெர்னா லிண்ட்ஹோம்" என்றாள். பார்த்தீர்களா மச்சான், உலகம் எவ்வளவு சின்னது! வெர்னாம்மாவின் நூற்றறுபது ஏக்கரைத்தான் பதினான்கு வருடமாக நான் குத்தகைக்கு உழுகிறேன். "நான் ரொம்பக் கேட்டேன்னு சொல்லும்மா" என்று சொல்லி அனுப்பினேன். நான்கு சூப், நான்கு கம்பளித் தொப்பி, ஒரு துண்டுப் பிரசுரம். தள்ளுபடிச் சீட்டாக இருக்கும் என்று அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தேன்.

பாதி வழியில் கலீனா வாயைத் திறந்தாள். "அப்பா, அவங்க நம்மள வீடில்லாதவங்கன்னு நெனச்சிட்டாங்க."

"அவ நெனச்சது தப்பு. சூப்பு தப்பில்லையே" என்றேன். டார்லீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது பாதிரியார் என் கையைப் பிடித்தவர், வெகுநேரம் விடவில்லை. திங்கட்கிழமை மாலை வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. டப்பாவில் அடைத்த பீன்ஸ், ஆறு ஜோடி காலுறை, ஒரு பை மசூர்ப் பருப்பு. பருப்புப் பையில் எங்கள் கூட்டுறவு முத்திரை, அதாவது போன வருடம் நானே விளைவித்து விற்ற பருப்பு. ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப்பெட்டி கட்டுகிற மாதர் குழுவுக்குப் பொறுப்பாளர் யார் என்று தங்களுக்குத் தெரியும். டார்லீன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "இது என் கையெழுத்துங்க. டிசம்பர்ல நான் கட்டின பெட்டி" என்றாள். அதன்பிறகு எதுவும் பேசவில்லை. தங்கள் தங்கை பேசாமலிருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை வெர்னாம்மாவே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் தழுதழுத்தது.

"நெஸ்டர், சங்கடப்படாதப்பா. இந்த வருஷம் என் நெலத்த நீ சொமக்க வேணாம். பக்கத்துல டுவெயின் எடுத்துக்கறேங்கறான். நீ மொதல்ல புள்ளைங்கள கொட்டகையிலேருந்து வீட்டுக்குள்ள கொண்டு வா."

"வெர்னாம்மா, எனக்கென்ன கொறச்சல்? நான் நல்லாத்தான் இருக்கேன்!"

"நல்லா இருக்கறவன் மைனஸ் இருபத்தெட்டுல புள்ளைங்கள வண்டியில வச்சா சோறு போடுவான்?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும் போலத் தோன்றியதால் சொல்லவில்லை. அந்த நிலம் கைவிட்டுப் போனால் மாடுகளுக்குத் தீவனம் இல்லை, இருபது மாட்டையாவது விற்க வேண்டும். இரண்டு நாள் நான் நிலைகுலைந்து போயிருந்தேன் என்றும், பால் பாட்டிலைத் தலைகீழாகக் கன்றின் காதில் வைத்துக்கொண்டு நின்றேன் என்றும் கலீனா தங்களிடம் சொல்லக்கூடும். காதில் வைத்தது உண்மை, நிலைகுலைந்தது பொய். நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

திட்டம் இதுதான்: வெர்னாம்மாவை அடுத்த சனிக்கிழமை நம் செலவில் நகரத்துக்கு அழைத்துப்போய், நல்ல ஹோட்டலில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது. கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆகவேண்டும்? இதை முதலில் வாய்விட்டுச் சொன்னது டார்லீன், ஆனால் என் மனதில் ஏற்கெனவே இருந்ததுதான்.

ஆற்றங்கரை ஓரமாக, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்த ஹோட்டல். வாசலிலேயே காசு கொடுத்து வண்டியை நிறுத்தினேன், அதுவும் வெர்னாம்மா பார்க்கும்படி. "எது வேணுமோ கேளுங்க, வெலைய பாக்காதீங்க" என்று பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவர்கள் உண்மையிலேயே பார்க்கவில்லை மச்சான். வெர்னாம்மாவும் டார்லீனும் ஆளுக்கொரு மாட்டிறைச்சித் துண்டு வாங்கினார்கள், என் உள்ளங்கையைவிடப் பெரிது. மாடு வளர்க்கிறவன் மாட்டுக்கறிக்கு அந்த விலை கொடுப்பது எவ்வளவு கொடுமை என்று நினைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். என் பெண்கள் இருவரும் இனிப்பில் இரண்டாவது சுற்று போனார்கள். கடைசியில் கார்டை எடுத்து, இரண்டு விரலால் பிடித்து, பரிமாறிய பையனிடம் நீட்டினேன். அவன் போய்விட்டுத் திரும்பி வந்தான். "சார், கார்டு எடுக்கலை" என்றான்.

எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் அங்கேயே வங்கிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஒரு பெண் குரல் வந்தது. "சார், உங்க கார்டுல சந்தேகப்படும்படியா ஒரு செலவு வந்திருக்கு. யாரோ ஹோட்டல்ல சாப்ட்டிருக்காங்க. அதான் நிறுத்தி வச்சிருக்கோம்."

"அது நான்தாம்மா!"

"சார், பதினோரு வருஷத்துல நீங்க ஒருதடவகூட இப்படிச் செலவு பண்ணதில்லையே. சரிபார்க்க ஒருநாள் ஆகும்."

நிலம் போயிற்று என்று நினைத்தேன். வெளியே ஆறு உறைந்து கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது டார்லீன் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெர்னாம்மா, எங்க வீட்டுக்காரரு ஏழை இல்ல, கஞ்சன். வெளியிலேருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பதினெட்டு வருஷமா பக்கத்துல இருக்கற எனக்கே சில நாள் சந்தேகம் வந்துடும்."

வெர்னாம்மா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "எங்க கார்லும் இப்படித்தாண்டி. நாப்பத்தோரு வருஷம்! கல்யாணத்தன்னிக்கே மிச்ச கேக்க பொட்டலம் கட்டி எடுத்துட்டு வந்த ஆளு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கஞ்சன் குத்தகைய தேதி தப்பாம கட்டுவான். அஞ்சு வருஷம் நெலம் உனக்குத்தான் நெஸ்டர், போ" என்று கை கொடுத்தார். சாப்பாட்டுக்கும் அவரே பணம் கட்டினார். ஆக, மச்சான், நிலமும் நிலைத்தது, விருந்தும் இலவசமாக முடிந்தது. இதை யாரால் சாதிக்க முடியும்?

வெர்னாம்மாவை வீட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் டார்லீன் பேசினாள். பெண்கள் பின்னால் தூங்கிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு சூப்ப என் கையில குடுத்தா பாருங்க. ஆறு வாரமா டவுனுக்குப் போறோம், அன்னிக்கித்தான் யாரோ எனக்கு ஒண்ண சூடா கையில குடுத்தாங்க. நம்மள என்ன நெனச்சாலும் நெனச்சுக்கட்டும்னு இருந்துச்சு."

பாதையில் பனி புரண்டுகொண்டிருந்தது, நான் அதைப் பார்த்து ஓட்டினேன். பதினெட்டு வருடமாக மூன்று வேளையும் அவள்தான் சூடாக எடுத்துவந்து என் முன்னால் வைக்கிறாள், அதை ஒரு செலவாக நான் எங்கேயும் எண்ணியதில்லை. எங்கள் ஊர் பெட்ரோல் கடையில், டீசல் தேவைப்படாமலேயே வண்டியை நிறுத்தினேன். ஒரு காபி வாங்கிவந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து இரண்டு கையாலும் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆகவே வருகிற சனிக்கிழமையிலிருந்து கட்டுச்சோறு கிடையாது. பெரிய ஹோட்டலும் கிடையாது. மாதத்தில் இரண்டு முறை, சூப்பு நன்றாக இருக்கிற சின்னக் கடையொன்றில், ஜன்னல் ஓரமாக டார்லீன் உட்காருவாள், மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெர்னாம்மாவை நான் எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்பதைத் தங்கள் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. குத்தகைப் பத்திரம் அடுத்த வாரம் எழுதுகிறோம்.

தங்கள் முழங்காலும் குடும்பமும் குறைவின்றி இருக்க ஆண்டவர் அருளட்டும். அண்ணியாருக்கு என் வணக்கம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
நெஸ்டர்

பின்குறிப்பு: அண்ணா, இது டார்லீன். தபாலில் போடுவது என் வேலை என்பதால் பிரித்துப் படித்துவிட்டேன். இதில் கன்றுகளின் எண்ணிக்கை சரி. வெர்னா திங்கட்கிழமை காலையிலேயே என்னைக் கூப்பிட்டார், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அன்று மதியமே ஐந்து வருடப் பத்திரம் எழுதியாயிற்று, என் பெயரில். மாலையில் வந்த பெட்டியைத்தான் தடுக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வெர்னா நெஸ்டரிடம் பேசியது நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதியது. தழுதழுத்தது மட்டும் வெர்னாவின் சொந்தச் சரக்கு. ஹோட்டலும் நாங்கள் பேசி வைத்ததுதான். வங்கி விஷயம் எங்கள் திட்டத்தில் இல்லை, அது கடவுள் போட்ட திட்டம். வருகிற சனிக்கிழமை நானும் வெர்னாவும் மட்டும் போகிறோம், திரும்பி வருவது ஞாயிற்றுக்கிழமை. நெஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை.