இரவல் வண்டியில் இரவல் பிள்ளைகள்

மரே பிரிட்ஜ்
ஜூலை, கடைசி ஞாயிறு

மரியாதைக்கும் அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய அக்கா க்ளெனிஸுக்கு,

உன் தம்பி டாரல் எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரி வென்டியும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறோம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், செடூனாவின் கடல்காற்று உன் கொடியில் துணி எதையாவது மிச்சம் வைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்துவிடுகிறாய், அதுவும் நான் நினைத்தபடி முடிப்பதில்லை. தவிரவும், வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கடிதத்தைச் சுமந்த தபால்காரன் ஓய்வு பெற்ற பிறகாவது தன் கடிதம் ஒன்றை எழுதலாம்.

விஷயம் இதுதான். என் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்த உன் கேரவனைத் திருப்பி அனுப்பப் போகிறேன். பயணம் நடக்கவில்லை. நடந்த அளவுக்கு நடந்தது, அதைக் கீழே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் கலந்து வரும், பொறுத்துக்கொள். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

மார்லியும் ஜெட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஆறு, அவனுக்கு மூன்று. அவர்கள் அம்மா ரியானன் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு எழும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கத்தார் கொண்டுவந்து விட்டார்கள். ஜெட் வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு அடியில்தான் குடியிருந்தான். தட்டைக்கூட அங்கேதான் தள்ளிவிட வேண்டும். ஒருநாள் சாயங்காலம் டிவியில் நம் ஊருக்கு வடக்கே இருக்கிற செம்மண் பாலையைக் காட்டினார்கள். முடிவே இல்லாத மண்ரோடு, காட்டு ஒட்டகம், கூபர் பீடியில் வெயிலுக்குப் பயந்து பூமிக்கு அடியில் வீடு குடைந்து வாழ்கிற ஜனங்கள். ஜெட் மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்து என் காலருகில் உட்கார்ந்து, "இவங்களும் அடியிலதான் இருக்காங்களா?" என்று கேட்டான். அவன் எங்களோடு பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். வென்டி என்னைப் பார்த்தாள். நான் உனக்குப் போன் போட்டு, ராஸ் மச்சான் இறந்ததிலிருந்து உன் கொட்டகையில் சும்மா நிற்கிற கேரவனைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "இரவல் வண்டியில இரவல் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறியாடா? ரெண்டையும் ஒருநாள் திருப்பிக் குடுக்கணும், அதை மட்டும் மறந்துடாத." சொல்லிவிட்டு, நான் வண்டியை எடுக்க வந்தபோது அடுக்குக் கட்டில் இரண்டுக்கும் புது மெத்தை தைத்து வைத்திருந்தவளும் நீதான். அதனால் உன்னைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

செடூனாவிலிருந்து இங்கே வரும்வரை உன் வண்டி தங்கமாக வந்தது. முன்னோக்கிப் போகிறவரை அது பசு. வாசலில் ரிவர்ஸ் எடுத்தபோதுதான் அதன் சுயரூபம் தெரிந்தது. நான் இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகிறது, வலப்பக்கம் ஒடித்தால் குறுக்கே நின்று முறைக்கிறது. வென்டி பின்னால் நின்று கைகாட்டினாள். அவள் காட்டியது வா என்றா, நில் என்றா, கடவுளே என்றா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு. பக்கத்து வீட்டு பார்பின் தபால் பெட்டி தரையோடு தரையாகப் போயிற்று. பார்ப் நைட்டியோடு வெளியே வந்து பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் இதுல கடுதாசி போட்ட மனுஷன். வேற யாராவது இடிச்சிருந்தா மனசு ஆறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். புதுப் பெட்டி நட்டுக் கொடுத்தேன், கொஞ்சம் கோணல்தான்.

பாலையில் பிள்ளைகளோடு போவதென்றால் முதலில் வீட்டு வாசலிலேயே தங்கிப் பழக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகினோம். முதல் நாள் ஜெட் கேரவன் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கூபர் பீடி வந்தால்தான் திறப்பேன் என்றான். அடுத்த வாரம், தண்ணீர்த் தொட்டிக்கு வெளியில் ஒரு மூடி இருக்குமே, அதைத் திறந்து இரண்டு பாட்டில் ஆரஞ்சு சர்பத்தை ஊற்றிவிட்டான். பாலையில் தாகம் எடுக்கும் என்று நான்தான் அவனுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், அவன் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறான். காலையில் வென்டி டீ போடக் குழாயைத் திறந்தால் ஆரஞ்சு வருகிறது. நாங்கள் தொட்டியைக் கழுவி முடிப்பதற்குள் மரே நதிக்கு இக்கரையில் இருந்த எறும்பெல்லாம் உன் வண்டிக்குக் குடிவந்துவிட்டது. இப்போது போய்விட்டன, பெரும்பாலும்.

மார்லி வேறு ரகம். அவள் கேள்வி கேட்கிறவள். அங்கே மழை வந்தால் பூமிக்குள் இருக்கிற வீட்டில் தண்ணீர் இறங்காதா, ஊட்னடாட்டா என்று ஒரு ஊருக்குப் பேர் வைத்தவர்களை யாரும் தடுக்கவில்லையா, போகிற ரோடும் வருகிற ரோடும் ஒன்றா வேறா. ஒருநாள் கேரவனுக்குள் நாற்றம் தாங்காமல் மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தேன். ரொட்டித் துண்டுகள், அக்கா. காகிதக் கைக்குட்டையில் சுற்றி, மெத்தைக்கு அடியில், அலமாரி மூலையில், காஸ் சிலிண்டருக்குப் பின்னால், எல்லாம் பச்சைப் பூஞ்சை பிடித்து. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலேயே அவளிடம் அந்தப் பழக்கத்தைப் பார்த்தோம், பிறகு போய்விட்டது என்று நினைத்திருந்தோம். அவளைத் திட்டவில்லை. வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்று சொன்னேன். "மூடியிருந்தா?" என்றாள். மூடியிருந்தால் நம் ஐஸ் பெட்டி நிறையச் சாப்பாடு இருக்கும் என்றேன். "அது தீந்துடுச்சுன்னா?" என்றாள். வென்டிதான் வந்து, ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, இது உன் டப்பா, இதில் நீ எதை வைத்தாலும் யாரும் கேட்க மாட்டோம், பூஞ்சை பிடித்தால் மட்டும் சொல், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண் முதல் தடவையாக விளக்கை அணைக்கவிட்டாள்.

பிள்ளைகளை அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டுமானால் பெற்றவளுக்குச் சொல்ல வேண்டும். ரியானன் மாதம் இரண்டு முறை பூங்காவில் பிள்ளைகளைப் பார்க்க வருவாள், கூட ஒரு அதிகாரி அம்மாள் உட்கார்ந்திருப்பார். நான் போகப்போகிற இடங்களின் படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், தபால் பட்டுவாடா செய்கிற குதூகலத்தோடு ஒவ்வொன்றாகக் காட்டினேன். உப்பு ஏரி, ஒட்டகம், நட்சத்திரம். அவள் இருபத்தாறு வயதுப் பெண், நகத்தைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு பிள்ளைகள் ஊஞ்சலுக்குப் போன நேரத்தில், குரலை உயர்த்தாமல், "என் பிள்ளைங்களுக்கு நல்லது எல்லாத்தையும் நீங்களே காட்டிட்டா, நான் என்னத்தைக் காட்டறது?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் என்னவோ திருடுவது மாதிரி பேசுகிறாளே என்று வீடு வரும்வரை பொருமினேன். வென்டி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே, டாரல்" என்று மட்டும் சொன்னாள். போகலாம் என்று ரியானன் கடைசியில் சம்மதம் சொல்லி அனுப்பினாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் நீ போனில் சொன்ன அந்த ஒருநாள் வந்தது. பள்ளிக்கூட விடுமுறை தொடங்க ஒரு வாரம் இருக்கிறது, கேரவன் கழுவித் துடைத்து நிற்கிறது, வழியில் ஹாக்கர் ஊரில் தங்க இடம் பிடித்தாயிற்று. நீதிமன்றத்தில் முடிவாகிவிட்டதாம். ரியானன் தேறிவிட்டாள், எலிசபெத் என்கிற ஊர்ப் பக்கம் வீடு கிடைத்துவிட்டது, பிள்ளைகள் தாயிடம் போகலாம். நல்ல செய்திதான், அக்கா. அதற்காகத்தானே வைத்திருந்தோம். வென்டி அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, நல்லது, ரொம்ப நல்லது என்று சொல்லிக்கொண்டே ஏற்கனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

அதிகாரி அம்மாள் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் இருவருமே ஜெட்டுக்கு ஒரு வாரமாக எடுத்துச் சொல்லியிருந்தோம், அவனும் தலையாட்டியிருந்தான். ஆனால் அன்று காலை, ஈ மொய்க்காமல் இருக்க வாங்கிய வலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினான். பெல்ட் போட்டதும் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். "டாரல், கேரவனை மாட்டலியே" என்றான். நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வென்டி வீட்டுக்குள் எதையோ எடுக்கப் போனவள் வெளியே வரவில்லை. அதிகாரி அம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். மார்லிதான் சொன்னாள். "அது வேற ஊருடா, ஜெட். நாம அம்மாகிட்ட போறோம். அம்மா வீட்டுக்குக் கேரவன் வேணாம்." அவன் வலைக்குள்ளிருந்து என்னையே பார்த்தான். "அப்ப நீ?" என்று கேட்டான். நான் இங்கேதான்டா இருப்பேன் என்றேன். கதவைச் சாத்தினேன். கார் போயிற்று. இதைவிட அதிகமாக அந்தக் காலையைப் பற்றி எழுத வராது.

பிறகு நாங்கள் செய்த முட்டாள்தனத்தைக் கேள். பிடித்த இடத்தை வீணாக்குவானேன், நாம் இருவருமாவது போய் வருவோம் என்று கிளம்பினோம். பர்ரா தாண்டினோம், பீட்டர்பரோ தாண்டினோம். ஒரோரூவில் அந்தப் பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தி டீ போட்டேன். கூட்டம் கூட்டமாக இளஞ்சிவப்பு மார்புக் கிளிகள் வந்து உட்கார்ந்து மரமே அந்த நிறமாக ஆகிவிட்டது. நான் பார், பார் என்று கையைக் காட்டினேன். வென்டி பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். "இதை யாருக்குக் காட்டறது, டாரல்?" என்றாள். அவ்வளவுதான். டீயைக் கொட்டிவிட்டு வண்டியைத் திருப்பினோம். திருப்பினோம் என்று எழுதிவிட்டேன், திருப்புவதற்குள் ரோட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே மாட்டிக்கொண்டோம். கோதுமை லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, என்னை ஓரமாக நிற்கச் சொல்லி, தானே ஏறி ஒரே ஒடிப்பில் திருப்பிக் கொடுத்தார். இறங்கி நடந்தபோது கேரவன் ஜன்னல் வழியாக அடுக்குக் கட்டிலையும் அதில் ஒட்டியிருந்த டைனோசர் படங்களையும் பார்த்துவிட்டு, பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நல்ல மனிதர், அவருக்கு என்ன தெரியும். அம்மாவிடம் இருக்கிறார்கள் என்றேன். அதுதானே நிஜம்.

ஆக, க்ளெனிஸ் அக்கா, நீ சொன்னது சரி. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, மற்றதையும் இந்த வாரம் ஆள் வைத்து அனுப்பிவிடுகிறேன். வாசலில் அது நிற்பதைப் பார்க்க முடியவில்லை. இனிமேல் பிள்ளைகளை ஏற்பதில்லை என்றும் பிள்ளைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டோம். எங்கள் வயசுக்கு இது போதும். வலப்பக்கக் கீறல் என்னுடையது, மன்னித்துவிடு. டைனோசர் படத்தை உரிக்கப் பார்த்தேன், வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு மூலையை மட்டும் உரித்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

உன் முழங்காலுக்கும் உன் கோழிகளுக்கும் எங்கள் அன்பு. கடவுள் உன் கூரையைக் காற்றிலிருந்து காக்கட்டும், உன் நாக்கிலிருந்து உன் அண்டை வீட்டாரைக் காக்கட்டும்.

என்றும் உன் பேச்சைக் கேட்காத, கேட்டிருக்க வேண்டிய தம்பி,
டாரல்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். வண்டியை அனுப்பவில்லை. நீயும் ஆள் கீள் அனுப்பிவிடாதே. இப்போதுதான் ரியானன் போன் செய்தாள். பின்னால் ஜெட் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்க வண்டியில எத்தனை பேர் படுக்கலாம்?" என்றாள். ஐந்து பேர் என்றேன். சிநேகிதம் கொண்டாட இல்லை, பிள்ளைகள் கேட்கிறார்கள், செப்டம்பர் விடுமுறைக்கு அந்தப் பாலைக்குப் போகலாம், ஆனால் தானும் கூட வருகிறதாக இருந்தால் மட்டும், என்றாள். தான் போர்ட் அகஸ்டாவுக்கு வடக்கே போனதே இல்லையாம். அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு கண்டிஷன். என் பிள்ளைங்களுக்கு நான்தான் சமைப்பேன்" என்றாள். வென்டி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். தன் அடுப்படியில் என்னைக்கூட நிற்கவிடாதவள், உனக்குத் தெரியும். "சரிம்மா" என்றாள். "வெங்காயம் மட்டும் நான் நறுக்கித் தரேன்."