பால்கனி சோபாவில் ஒரு பூச்சிகூட இல்லை

மூட்டைப்பூச்சி என்ற வார்த்தையைத் தன் வாயால் சொல்வதே இல்லை என்று அவர் முடிவெடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. சொன்னால் சோபா போய்விடும்.

அவருக்கு சினிமா தியேட்டரில் சீட்டு தைக்கிற வேலை. கிழிந்த ரெக்சினைப் பிரிப்பார், பஞ்சு திணிப்பார், திரும்பத் தைப்பார். பதினோரு வருஷத்தில் அவர் நசுக்கிய பூச்சிகளுக்கு ஆளுக்கொரு சீட்டு கொடுத்தால் இரண்டு ஷோ ஹவுஸ்ஃபுல். போன மாதம் பழைய சீட்டுகளைக் கழித்தபோது, இரண்டு பேர் உட்காருகிற பால்கனி சோபா ஒன்றை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார். புது சிவப்பு ரெக்சின் போட்டு, படுக்கிற அறையில், தொட்டில் கட்ட மனைவி கேட்டிருந்த ஜன்னலோரம் வைத்தார். மனைவி, குழந்தை, துவைத்த துணி, துவைக்காத துணி எல்லாம் போக, அந்த வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்த இடம் அதுதான்.

கொண்டுவந்த அன்றே தையலுக்குள் ஒன்று ஊர்ந்தது. நசுக்கினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

இப்போது மனைவி முழங்கையைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றாள். மூன்று தடிப்பு. அவரே தையல் போட்டதுபோல ஒரே நேர்க்கோட்டில்.

"ஏங்க, இது என்ன?"

"கொசு."

"கொசு வரிசையில நின்னா கடிக்கும்?"

"ஒழுக்கமான கொசுவா இருக்கும்."

"மெத்தை ஓரத்துல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி."

"தூசி."

"ஈரத்துணியால தொடைச்சேன். ரத்தக் கலர்ல கரையுது."

"அது... சிவப்புத் தூசி."

சண்டை வரும் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். வரவில்லை. அவள் கத்தினால் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். அமைதியாக இருந்தால் தெரியாது.

"நீங்க இதுலயே ஊறினவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் சோபாவுல இருந்து வந்திருக்குமோன்னு பயந்துட்டேன்."

"என் சோபாவுலயா? அதுல ஒரு பூச்சி கிடையாது."

"அப்ப நல்லதாப் போச்சு. மெத்தையெல்லாம் மாடியில வெயில்ல கிடக்கு. பாப்பாவ சோபாவுலயே தூங்க வைக்கிறேன்."

ஏழு மாதக் குழந்தை. அள்ளிக்கொண்டு வந்து சோபாவின் நடுவில் கிடத்தினாள். விழாமல் ஒரு கையை அணைகொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு துண்டாவது விரியேன்."

"எதுக்கு? நீங்கதான் ஒண்ணுமில்லைன்னீங்களே."

குழந்தை குப்புறப் புரண்டது. கை நழுவித் தையல் மடிப்பின் மேல் விழுந்தது. அன்றைக்கு ஊர்ந்த அதே மடிப்பு. அவர் குனிந்து பார்த்தார். விரலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ. நூல் பிசிறா, காலா? கண் எரிய எரியப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் அவர் காதுக்குள்ளேயே ஓடியது. குழந்தை கன்னத்தை ரெக்சினில் தேய்த்து, உதட்டைப் பிதுக்கி, சிணுங்கியது.

அவ்வளவுதான். வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுல மூட்டைப்பூச்சி இருக்கு."

சொல்லியாகிவிட்டது.

"நிஜமாவா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லாத் தெரியுமா?"

"வந்த அன்னைக்கே பாத்தேன். விடு, நானே சரிபண்றேன். பிரிச்சு, சுத்தம் பண்ணி, திரும்ப தைச்சுடறேன்."

கொல்லைக்கு இழுத்துப் போனார். மடிப்பைக் கத்தியால் கீறினார். இல்லை. அடுத்த மடிப்பு. இல்லை. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார், பலகையைப் பெயர்த்தார், ஆணி ஓட்டைகளில் குச்சி விட்டுக் குடைந்தார். மனைவி கேட்காமலேயே கொதிக்கிற தண்ணீர் ஒரு குண்டான் கொண்டுவந்து வைத்தாள். அதையும் ஊற்றினார். ரெக்சின் சுருண்டது. பலகை உப்பி வாயைப் பிளந்தது. நாலு மணிக்கு சோபா ஒரு குப்பைக் குவியலாகக் கிடந்தது. திரும்பத் தைக்க அதில் இனி எதுவுமில்லை. பூச்சி இல்லை. ஒரு முட்டைகூட இல்லை.

வியர்த்து வழிய உள்ளே வந்தார். ஜன்னலோரம், காற்று வருகிற அந்த ஒரே மூலையில், தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூட அகப்படலையே?" என்றார்.

"எப்படி அகப்படும்? எல்லாம் கட்டில் இடுக்குக்குக் குடிபோயிடுச்சு. அதுக்கு விடிஞ்சதுமே கொதிதண்ணி ஊத்திட்டேன்." தொட்டிலை மெல்ல ஆட்டினாள். "சோபாவ நேத்தே டார்ச் அடிச்சு இண்டு இடுக்கு விடாம பாத்தாச்சு. பூச்சி இருக்கிற இடத்துல நான் புள்ளையப் போடுவேனாங்க?"