கம்ப்யூட்டர் குலுக்கிய தரைத்தளம்

மதிப்பிற்குரிய மச்சான் லோகநாதன் அவர்களுக்கு, திருவொற்றியூரிலிருந்து கோதண்டம் எழுதுவது. நானும், என்னிடம் தங்கிப் படிக்கும் உங்கள் மகள் கீர்த்தியும் சுகம். மூட்டு வைத்தியத்துக்கு எண்ணூர் வந்து உங்கள் வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரி, உங்கள் தங்கை ராஜாத்தியும் நீங்களும் சுகமாக இருக்கக் கடலம்மா துணை.

இதெல்லாம் நடக்கும் என்று போன வருடமே சொன்னவன் நான். இடித்துக் கட்டிய குடியிருப்பில் நாற்பத்தெட்டு குடும்பத்துக்கும் குலுக்கலில்தான் வீடு. ராஜாத்தி முட்டிக்குத் தரைத்தளம் கிடைத்தே ஆக வேண்டும். போன குலுக்கலில் எவனோ தன் சீட்டை மீன் ஐஸில் வைத்துச் சில்லிட வைக்க, எடுத்தவன் தடவியே கண்டுபிடித்துவிட்டானாம். அந்தக் குலுக்கலே செல்லாது என்றாகிவிட, சங்கத் தலைவர் ஜெயவேல், "சீட்டே வாணாம், கீர்த்தி பாப்பா கம்ப்யூட்டர்ல குலுக்கட்டும்" என்றார். யோசனை என்னுடையது, வாய் அவருடையது.

அதில் 'அர்ரே' என்று ஒரு சங்கதி மச்சான், ரேஷன் கடை வரிசை மாதிரி பெயர்கள் நிற்கும். என் பெயரை முதலில் போடச் சொன்னேன். போட்டாள், முதல் ஆளுக்கு எண் பூஜ்யமாம்! ஒத்திகையில் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவுக்கு மூன்று வீடு விழுந்தது. "மூணா? ரெண்ட வாடகைக்கு உட்டுக்கிறேன்!" என்றாள். ஜெயவேலோ, "அப்ப என் வூடு எங்க கீது?" என்று குதித்தார். ஒருமுறை வந்த பெயரை வரிசையிலிருந்து தூக்கு என்று நான்தான் வழி சொன்னேன், அவள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தாலும். அப்புறம் ஆயிரம் தடவை ஓட்டினாள், ஒரு கொட்டாவி நேரம்தான்! தரைத்தளத்தில் நாம் இருநூற்று நாற்பத்தாறு தடவை. "இருக்கிறது நாலு தளம், நாலுல ஒரு பங்கு மாமா, எல்லாருக்கும் அதே கணக்கு." வரிசையில் முதலில் நின்றும் பயனில்லை. அடுத்து யார் பெயர் வரும் என்று செய்தவளுக்கே தெரியாது மச்சான்! எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் ஒரே ஒரு தடவை ஓட்டினாள். கோதண்டம், தரைத்தளம், ஆறாம் எண்! சனம் கைதட்டியது தண்டையார்பேட்டை வரை கேட்டிருக்கும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி.

பின்குறிப்பு: இதை ராஜாத்திக்குப் படித்துக் காட்ட வேண்டாம். தரைத்தளம் என் கைச்சரக்கு. விழுந்தது மூன்றாவது மாடி. "இன்னொரு தபா ஓட்டும்மா, யாருக்குத் தெரியப்போது" என்று காதோரம் கேட்டேன். "எனக்குத் தெரியும் மாமா" என்றாள். சொந்த மாமனுக்கே மூன்றாவது மாடி என்றதும்தான் ஊர் வாயை மூடிக்கொண்டு கைதட்டியது. நானும் தட்டினேன், கண்ணில் தண்ணி. ராஜாத்தியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அண்ணனை அடிக்க மாட்டாள்.