வாயு என்று தீர்மானிக்கப்பட்ட வயிறு

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். அங்கே தங்கச்சியும் குழந்தைகளும் உங்களைத் தவிர வேறு எந்த டாக்டர் கையிலும் சிக்காமல் இருக்க வேண்டுகிறேன்.

நாடு முழுவதற்கும் சேர்த்து டாக்டர்களுக்கு ஒரு சங்கம் தொடங்குகிறார்களாமே, சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வயிற்றில் தையலோடு மல்லாந்து படுத்தபடி பதில் எழுதுகிறேன். சேராதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி மாடியில் நர்சுகள் பாடம் படிக்கும் கூடத்தில், எலும்புக்கூட்டை மூலைக்குத் தள்ளிவிட்டுக் கூட்டம் ஆரம்பித்தது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் டாக்டர்கள் ரயிலேறி வந்திருந்தார்கள். யார் தலைவர் என்பதிலேயே காலைப் பொழுது போயிற்று. எனக்குப் பதவி ஆசையே கிடையாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இன்னொருத்தர் பெயரை எடுத்தால் மட்டும் முகம் சுண்டிப்போனது. சரி, விதியையாவது எழுதுவோம் என்று யாரோ சொல்ல, அங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். போன மாதம் என் நோயாளி ஒருத்தரிடம் பக்கத்து ஊர்க் கண் டாக்டர், இந்த மருந்தை எந்தப் புண்ணியவான் எழுதினான் என்று கேட்டிருந்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. எழுந்து நின்று முதல் விதியை முன்மொழிந்தேன்: ஓர் உறுப்பினர் இன்ன நோய் என்று சொல்லிவிட்டால், அவர் சம்மதம் இல்லாமல் வேறெந்த உறுப்பினரும் மாற்றிச் சொல்லக் கூடாது. கைதட்டல் காதைப் பிளந்தது. கண் டாக்டரும் தட்டினார்.

மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் எனக்கு வலப்பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சுருண்டு விழுந்தேன். பக்கத்தில் இருந்த கண் டாக்டர், பழக்கதோஷம், முதலில் என் இமையை விரித்துப் பார்த்தார். அப்புறம் போனால் போகிறதென்று வயிற்றை ஒரு தட்டுத் தட்டி, வாயு என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். முடிஞ்சுது கதை. அதற்கப்புறம் வரிசையில் வந்து பார்த்த அத்தனை பேருக்கும் வாயு. குடல்வால் அறுப்பதில் பேர்போன சர்ஜன் என் வயிற்றில் கை வைத்ததும் வெளுத்துப் போனார், ஆனாலும் வாயு. நானும் டாக்டர்தானே, குடல்வால் என்று எனக்கே தெரிகிறது. சொல்ல முடியாதே, நானும் உறுப்பினர்.

என் வீட்டுக்காரி ஓடி வந்து, நான் பிழைப்பேனா என்று சர்ஜனை நேராகவே கேட்டாள்.

"வாயுவா இருந்தா பிழைச்சுக்குவார்மா."

"இல்லேன்னா?"

"அதைச் சொல்றதுக்கு நான் சங்கத்துல இருக்கக் கூடாது."

"அப்ப வெளியே வாங்க."

அவர் ராஜினாமா செய்தார். செய்த கையோடு, குடல்வால் வெடிக்கப் போகிறது, உடனே அறுக்க வேண்டும் என்று கத்தினார். ஆனால் மயக்க மருந்து டாக்டர் இன்னும் உறுப்பினர் ஆயிற்றே, வாயுவுக்கு மயக்க மருந்து கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். அவரும் ராஜினாமா. அறுக்கும்போது கூட நிற்க வேண்டியவரும் ராஜினாமா. நாங்கள் மட்டும் இளிச்சவாயர்களா என்று மிச்சப் பேரும் விலகினார்கள். மாப்பிள்ளை, எனக்கு அப்போது பயமாகத்தான் இருந்தது. நானே எழுதிய விதியில் நானே போய்ச் சேரப் போகிறேனே என்று அழுதேன். வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஏதாவது விதி பாக்கி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆக, சங்கம் பிறந்ததும் போனதும் ஒரே நாளில். அதன் சரித்திரம் மொத்தமும் இவ்வளவுதான். டாக்டர்கள் தனித்தனியாக இருக்கிறவரைக்கும்தான் நோயாளிக்கு நல்லது. நீங்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம். தங்கச்சிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. எல்லாரும் கொல்லென்ற சிரிப்போடும் குறையாத பசியோடும் இருங்கள்.

இப்படிக்கு,
குடல்வால் இல்லாத உங்கள் மச்சான்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் டாக்டர்கள் எல்லாரும் பழங்களோடு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று சங்கத்தை மறுபடி தொடங்கிவிட்டார்கள். எழுந்து ஓட முடியாதவன் நான் ஒருத்தன்தான் என்பதால் என்னையே தலைவராக்கிவிட்டார்கள். உங்களைச் செயலாளராகப் போட்டிருக்கிறேன். அடுத்த ரயிலில் கிளம்பி வரவும். முதல் விதி அப்படியே இருக்கிறது. கண் டாக்டர் சம்மதம் தரவில்லை. ஆகையால் எனக்கு அறுத்து எடுத்தது வாயுதான் என்று தீர்மானமாகியிருக்கிறது. தலைவர் என்ற முறையில் ஒப்புக்கொண்டுவிட்டேன். தங்கச்சி கேட்டால் நீங்களும் வாயு என்றே சொல்லவும்.