தாயம்மா மேடையேறக் குணாளன் துடுப்பேந்திய படலம்

வாழி குணாளன். சுங்கை காடுட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் அட்டையை மார்பணியாய்ப் பூண்டவன். சுவா ஊருக்கு உட்புறம், எண்ணெய் தரும் செம்பனைக் கடல் சூழ்ந்த தோட்டத்து மாரியம்மன் கோயில் விழாக் குழுவின் செயலாளன். ஒலிவாங்கியைக் கண்ட மாத்திரத்தில் முகம் தாமரையாய் மலர்பவன், கண்ட ஒலிவாங்கியைக் கைவிட்டறியாதவன். வெந்நீர் வைத்துப் பழகாத விரல் பத்தாலும் பட்டு வேட்டியின் கரையைப் பற்றி அவன் நடந்துவரும் பாங்கில் பார்த்தோர் மெய்சிலிர்ப்பர். அத்தகையான் பாயசம் கிண்டிய பெரும்போரைப் பாடப் புகுகின்றோம். நாவே, நடுங்காதே. எரிவாயுக் கலத்தில் உறைகின்ற சக்தியே, இப்படலம் முடியும் மட்டுமாவது தீராதிருந்து காத்தருள்.

போர் மூண்ட காரணம் யாதெனின், பிற போர்களைப் போலப் பொன்னன்று, மண்ணன்று. நம் காப்பியத் தலைவன் குணாளனின் சொந்த வாயே. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வரிசைவீடுகள் தரைமட்டமாகி, சனங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னும், கல்யாணமோ கருமாதியோ திருவிழாவோ, கோயில் மண்டபத்தின் பின்கொட்டகையில் அடுப்பு மூட்டியவர்கள் அதே பெண்கள்தாம். அவர்களுக்கு மகளிர் சேவைப் பாராட்டு விழா எடுப்பதென்று குழு கூடிய நாளில் குணாளன் எழுந்தான், தொண்டையைச் செருமினான், மண்டபத்துப் புறாக்கள் பழக்கதோஷத்தால் பறந்து வெளியேறின.

"நம்ம நன்றியுரையில எப்பவும் கடைசி வரி என்னா? சமையல் செஞ்ச சகோதரிகளுக்கும் நன்றி. அதச் சொல்றப்ப பாதிப் பேரு வெளிய செருப்புத் தேடிக்கிட்டு இருப்பான். இந்தத் தடவ அவங்க மேடையில நாற்காலி போட்டு உக்காரணும்லா. சார்பா எவரும் போய் வாங்கக் கூடாது."

அவை உருகிற்று. குழுத் தலைவர் அமிர்தலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்பச் சரி தம்பி. சாப்பாடு யாரு?"

"அது வழக்கம்போல தாயம்மாக்கா ஆளுங்க பாத்துக்குவாங்க," என்றான் குணாளன், அதே மூச்சில்.

இவ்விரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஞானம் அந்த அவையில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. அப்பெண்களுக்கே வாய்க்கவில்லை, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று மட்டும் கேட்டுக்கொண்டு தேங்காய் வாங்கப் போனார்கள்.

விழா நாள் விடிந்தது. வாழைமரம் தலைசாய்த்து வரவேற்க, ஒலிபெருக்கி ஊளையிட்டு அடங்க, மேடையில் மூன்று நாற்காலிகள் செம்பட்டு உறை போர்த்தி அமர்வாரை எதிர்நோக்கின. பின்னே பதாகையில் மூவர் திருமுகங்கள்: நோயாளிகளைத் தன் பழைய வேனில் சிரம்பான் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்று வீடு சேர்க்கும் லுக்குட் ஊர் இசபெல், பிள்ளை பிறந்த வீடெல்லாம் தேடிப் போய்க் குளிப்பாட்டிக் கொடுக்கும் ராக்கம்மா, எவ்வீட்டில் எது நேர்ந்தாலும் முதல் அடுப்பை மூட்டும் தாயம்மா. தாயம்மாவின் பாராட்டுரையைக் குணாளனே யாத்திருந்தான். "அன்னபூரணியின் அவதாரமே" என்று தொடங்கி, மூச்சுவிட இடமின்றிப் பக்கம் பக்கமாய் ஓடும் அவ்வுரையைக் குளியலறையில் முழங்கிப் பயின்று, அண்டை வீட்டார் கதவைத் தட்டுமளவு தேறியிருந்தான்.

சிறப்பு விருந்தினர் வந்தார். வந்தவர், போர்ட்டிக்சனில் இன்னொரு விழா காத்திருப்பதாகவும், பாராட்டை முதலில் முடித்துச் சாப்பாட்டோடு கிளம்ப வேண்டுமென்றும் திருவாய் மலர்ந்தார். நிகழ்ச்சி நிரல் தலைகீழாயிற்று. செம்பட்டு நாற்காலிகள் மூன்றும் வெறுமையாய்ச் சிரித்தன.

"ஆளுங்களக் காணோமே," என்று அமிர்தலிங்கம் குணாளன் காதருகே குனிந்தார். "பரவாயில்ல தம்பி, நம்ம வீட்டம்மா சார்பா வாங்கிக்குவாங்க."

அமிர்தலிங்கத்தின் வீட்டம்மையாகிய குமுதவல்லி, சார்பாகப் பெறும் கலையில் கரைகண்டவர். ஊரில் பிறர் பெற வேண்டிய கேடயங்களில் பாதி அவர் கண்ணாடி அலமாரியில் உரியவர் வந்து எடுத்துச் செல்லக் காத்திருக்கின்றன. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அக்கணமே தலைவனின் உள்ளத்தில் அவ்விரண்டு மொழிகளும் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

சீறினான், சினந்தான், யார்மேல் சினப்பதென்று தேடித் தன்னையன்றி ஒருவரையும் காணாமையால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கொட்டகை நோக்கிப் பாய்ந்தான்.

ஆங்கே ஆவி மண்டலத்தினூடே ராக்கம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். இசபெல் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். நடுவே, யானை அமர்ந்து நீராடத்தக்க அண்டாவில் ஜவ்வரிசிப் பாயசம் கொதிக்க, ஆளுயர மரத்துடுப்பை இரு கையாலும் வலித்தபடி தாயம்மா நின்றார். ஊர் இளவல்கள் எங்கே? விருந்தினரோடு படமெடுத்துக்கொள்ளப் போயிருந்தனர்.

செய்தி கேட்டதும் ராக்கம்மா அடுப்பை அணைத்தார்; இசபெல் கையைத் துடைத்தார். தாயம்மா அசையவில்லை.

"நீங்க போங்கடி. நான் எப்படிடா தம்பி வர்றது? இத யாரு பாக்குறது?"

"தீய அணைச்சிட்டு வாங்கக்கா."

"அணைச்சா ஜவ்வரிசி அடியில உக்காந்து கட்டியாயிடும். அப்புறம் பாயசத்த அரிவாளால வெட்டித்தான் பரிமாறணும். எனக்கு என்னாத்துக்கு மேடை? குமுதம் வாங்கட்டும், போ."

சொல்லிய குரல் கல்லென நின்றது. ஆயினும் குணாளனின் கண், காவலர் இல்லாத கோட்டை வாயிலைக் கண்ட ஒற்றன் போல், கொட்டகைத் தூணின் ஆணியில் தொங்கிய நெகிழிப் பையைக் கண்டது. பைக்குள் மடிப்புக் கலையாத மயில்கழுத்துப் பட்டு. அதன்மேல் செய்தித்தாளில் சுற்றிய மல்லிகை.

கண்ட கணத்தில் தலைவனின் நெஞ்சில் நிகழ்ந்த போரை எவ்வாறு உரைப்போம். ஒருபுறம் ஒலிவாங்கி, அவன் உயிரின் உயிர், யாத்த உரை, காத்திருக்கும் கரவொலி. மறுபுறம் மூங்கில் தூண் போன்றதொரு துடுப்பு. இரு படையும் மோதின. புழுதி எழுந்தது. அடங்கியபோது அவன் சட்டைப்பையிலிருந்த பாராட்டுரை இசபெல்லின் கையில் இருந்தது.

"நீ படிச்சிடு இசபெல். அக்கா, துடுப்பக் குடுங்க. சேலைய மாத்துங்க."

தாயம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"நான்தான்."

"வீட்டுல ஒரு டீ கலக்குனது உண்டா?"

"பாத்திருக்கேங்கா."

"அடி தொடணும் தம்பி. மேலால தடவிக் குடுக்காத, அது பூனை இல்ல. ஜவ்வரிசி கண்ணாடியாட்டம் ஆனா எறக்கிடு. கைய மட்டும் நிறுத்தாத." பையை எடுத்துக்கொண்டு சரக்கறைக்குள் புகுந்தார். வெளிவந்தபோது அவரை வழியனுப்பத் தலைவனுக்குக் கண்ணில்லை. அவன் போர்க்களத்தில் இருந்தான்.

ஓ, அப்போர்! அண்டா குமுறிற்று. ஜவ்வரிசிப் படை அணியணியாய் எழுந்து, அவன் இடப்புறம் கிண்ட வலப்புறம் திரண்டு, வலப்புறம் கிண்ட அடியில் பதுங்கிற்று. துடுப்பு அவனைக் கிண்டியதா, அவன் துடுப்பைக் கிண்டினானா என்று தேவரும் மயங்கினர். தெறித்த துளியொன்று மார்பில் பட்டுச் சுட்டது; மார்பில் பட்டதாகலின் அது விழுப்புண்; முதுகில் ஒன்றுமில்லை என்பதைச் சான்றோர் குறித்துக்கொள்க. வியர்வை ஆறாய்ப் பெருகி மூக்கு நுனியில் தேங்க, அது அண்டாவுள் வீழாவண்ணம் கழுத்தைப் பின்னே வளைத்து, நாரை போல் நின்று கிண்டினான். பட்டு வேட்டி தேங்காய்ப்பாலில் கரை மாற்றிக்கொண்டது. தோள் இற்றது, இடுப்பு இரங்கி முறையிட்டது. இத்தனைக்கும் இரண்டு பாட்டு ஓடும் நேரம்கூட ஆகவில்லை என்பதைக் கதைக்கு வேண்டாத உண்மையாதலின் விடுத்தோம்.

ஒலிபெருக்கியில் ராக்கம்மாவின் பெயர் ஒலித்துக் கரவொலி எழுந்தது. இசபெல்லின் பெயர் ஒலித்தது. பின்னர், "தாயம்மா." தலைவனின் செவிகள் விரிந்தன. இதோ, "அன்னபூரணியின் அவதாரமே" வருகிறது. உதடுகள் கூடவே அசைந்தன. தாள் புரளும் ஓசை. பிறகு இசபெல்லின் குரல்.

"குணாளண்ணன் எழுதிக் குடுத்தது ரொம்ப நீளம்லா. நானே சொல்லிடுறேன். எங்கப்பா செத்த அன்னைக்கு, எங்க சொந்தக்காரங்க யாரும் வந்து சேருறதுக்கு முன்ன, இந்தக்கா யாரோ ஒருத்தரு மோட்டர்ல பின்னால உக்காந்து, மடியில கஞ்சிச் சட்டிய வச்சிக்கிட்டு, மழையில லுக்குட்டு வரைக்கும் வந்திச்சி. மூடியத் தொறந்தா கஞ்சி சூடா இருந்திச்சி. அவ்ளோதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

மண்டபத்தில் எழுந்த கரவொலியில் கொட்டகையின் தகரக்கூரை அதிர்ந்தது. அதில் ஒரு கையோசையும் தன் சொல்லுக்கு உரியதன்று என்பதை உணர்ந்த தலைவன், அதனால் கலங்காமல், வேறெதனாலோ கலங்கினான். கண்ணில் நீர் நின்றது புகையால் என்றே வரலாறு எழுதுக. எரிவாயு அடுப்பில் புகையேது என்று கேட்போர் வரலாற்றுக்கு உதவாதவர். கை மட்டும் நிற்கவில்லை.

கொட்டகை வாயிலில் அவன் மனையாள் ரதி தோன்றினாள்.

"ஏங்க, நீங்களா?"

"அக்கா வந்துட்டாங்களா? பதம் பாக்கச் சொல்லு."

"அவங்க வரமாட்டாங்களாம். மேடையில சாஞ்சி உக்காந்திருக்காங்க, காலுக்குக் கீழ ஸ்டூல்கூடக் கேட்டு வாங்கிட்டாங்க. குமுதவல்லியக்காதான் விசிறி வீசுறாங்க. இன்னைக்கி அவங்களுக்கு உக்கார்ந்த எடத்துல இலை போடணுமாம். பாயசத்த நீங்களே எறக்கிடணுமாம்."

அது கேட்டதும், குன்றென நிமிர்ந்து, துடுப்பை வாளென உயர்த்தி, முத்துமுத்தாய்க் கண்ணாடி போல் மின்னிய ஜவ்வரிசிப் பெரும்படையின் மீது தன் வெற்றிப் பார்வையைச் செலுத்தி, செம்பனைத் தோப்பெல்லாம் தலையசைத்து வாகை சூட்ட, எட்டுத் திக்கும் தேங்காய்ப்பாலும் ஏலமும் மணக்க, வென்றவன் எவனென்று எவரும் கேளாத அந்த மாபெரும் வெற்றியின் உச்சியில் நிலைபெயராது நின்ற குணாளன், அடுப்பை அணைத்தான்.

பிறகு, அண்டாவைப் பிடித்திறக்கக் கரித்துணி எங்கே இருக்கிறது என்று ரதியிடம் கேட்டான்.