பாப்பரசரோடு டூ விட்டவர்

பாப்பரசரோடு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் பல்லவியார் முடிவெடுத்தார். பாப்பரசருக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. வீட்டம்மாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

பல்லவியார் என்பது தெருவார் வைத்த பெயர். தொழில், பல் செட் செய்வது. மாதா கோயில் பாடல் குழுவில் ஒரு காலத்தில் பல்லவி எடுத்துக் கொடுத்தவர். இந்த இரண்டையும் தள்ளிவிட்டாலும் பெயர் பொருந்தும். பல வருஷமாக அவர் பாடுவது ஒரே பல்லவிதான்: "அந்தக் காலத்துப் பூசை மாதிரி வருமா?"

மாதம் ஒருமுறை ஒரு வயதான சாமியார் வந்து, கோயிலை ஒட்டிய சின்ன அறையில் பழைய முறைப்படி லத்தீனில் பூசை வைப்பார். பாப்பரசரிடமிருந்து புதிதாக ஓர் ஆணை வந்தது. இனி அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாம். பூசை நின்றுவிட்டது.

பல்லவியார் கையிலிருந்த கடைவாய்ப் பல்லை நறநறவென்று அரத்தால் ராவினார்.

"பாப்பரசர் பேசினா கல்வெட்டு மாதிரி நிக்கணும். இப்ப என்னடான்னா விமானத்துல போகும்போது நிருபர்கள்கிட்ட பேசுறாங்க, தரையில இறங்கினதும் 'அதுக்கு அர்த்தம் அது இல்லை'ன்னு விளக்கம் வருது. பேச்சு ஒரு பக்கம், விளக்கம் பத்துப் பக்கம்! ஆணைக்கு ஒரு திருத்தம், திருத்தத்துக்கு ஒரு சுற்றறிக்கை. இது திருச்சபையா, ரேஷன் ஆபீசா?"

"பல்லு தேயுதுங்க."

"தேயட்டும். நாளையிலிருந்து நான் கோயிலுக்கு வரமாட்டேன். வீட்டிலேயே பழைய பூசைப் புத்தகத்தை வச்சு ஜெபிச்சுக்கிறேன்."

"சரிங்க."

பல்லவியார் அரத்தைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையிலேயே அந்த அம்மா 'சரிங்க' சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரை எவ்வளவு நேரம் பேச விடலாம், எங்கே இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது அவருக்கு அத்துபடி.

ஞாயிறு விடிந்தது.

"காப்பி எங்கே?"

"பழைய முறைன்னா நடு ராத்திரியிலிருந்து உபவாசம். பச்சைத் தண்ணிகூடக் கிடையாது."

"அது கோயில்ல நன்மை அப்பம் வாங்குறவங்களுக்கு!"

"நீங்க மனசால வாங்கத்தானே போறீங்க? மனசு மட்டும் காப்பி குடிக்கலாமா?"

பல்லவியார் வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது.

"அப்புறம், ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். நான் கூடத்துல இருக்கேன். நீங்க பல்லு வைக்கிற அறைக்குப் போங்க."

கூடத்தில் மின்விசிறி இருந்தது. பல் அறையில், அலமாரி நிறைய, வாய் அளவெடுத்த மாவுக்கட்டி அச்சுகள் இருந்தன. அத்தனை வாய்களும் ஆவென்று பார்த்துக்கொண்டிருக்க, பல்லவியார் வெறும் தரையில் முழங்காலிட்டார். முழங்கால் 'களுக்' என்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு "கீரியே எலேயிசோன்" என்று, 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற பழைய மன்றாட்டை இழுத்தார்.

இழுத்தவர் நின்றார். பல்லவி எடுத்தால் எதிர்ப்பாட்டு வர வேண்டும். அந்தக் காலத்தில் மேல்மாடத்தில் நின்று எடுத்தால் அலையாய்த் திரும்பி வரும். ஒரு பக்கம் அப்பாவின் அடித்தொண்டைக் குரல். மறுபக்கம் ரொட்டிக் கடைக்காரரின் குரல். அதில் கொஞ்சம் அபஸ்வரம், நிறைய பக்தி. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு வாங்கும். கீழேயிருந்து தூபம் எழும்பி வந்து மூக்கில் ஏறும். எட்டிப் பார்த்தால் பெண்கள் பக்கம் முழுக்க வெள்ளை முக்காடுகள். அதில் ஒரு முக்காடு மட்டும் சரியாகப் பல்லவி எடுக்கும் நேரத்தில் லேசாகத் திரும்பும்.

அப்பா போய்விட்டார். ரொட்டிக் கடைக்காரரும் போய்விட்டார். அலமாரி வாய்களில் ஒன்றுகூடப் பாடவில்லை.

கூடத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது: "கீரியே எலேயிசோன்..."

பல்லவியார் எழுந்து போய்க் கதவருகே நின்றார். அந்த அம்மா தலையில் முக்காட்டோடு மண்டியிட்டிருந்தார்.

"உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?"

"எனக்கும் அந்தப் பூசைதாங்க பிடிக்கும். அது நின்னப்ப எனக்கும் அழுகை வந்துச்சு. அதுக்காக இருக்கிற பூசைக்கும் போகாம இருக்க முடியுமா? தனியாப் பல்லவி எடுத்து என்ன பண்ணப் போறீங்க?"

பல்லவியார் மூக்கை உறிஞ்சினார். அந்த நேரம் பார்த்து அம்மா இணைப்பை மாற்றினார்.

"ஒரு சந்தேகங்க. அந்தக் காலத்துல ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகலைன்னா?"

"சாவான பாவம்."

"திருச்சபையை ரேஷன் ஆபீசுன்னு சொன்னா?"

"அந்தக் காலத்துல யாருக்கு அந்தத் தைரியம்? எங்கப்பா பல்லைக் கழட்டியிருப்பார்."

"பாவம் பண்ணினா?"

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"எங்கே?"

பல்லவியாருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய? பழைய முறையில் அதற்குக் கோயிலை விட்டால் வேறு வழியே கிடையாது.

சாயங்காலம் கோயிலுக்குப் போனார். திட்டியதையெல்லாம் ஒப்பித்தார். வெளியே வந்ததும் கோயிலின் இளம் சாமியார் அவர் தோளில் கை போட்டார். "ஐயா, நன்மை கொடுக்கும்போது பழைய லத்தீன் பாட்டு ஒண்ணு பாட எந்த ஆணையும் தடை சொல்லலை. எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, நீங்களே பல்லவி எடுக்கிறீங்களா?"

அடுத்த ஞாயிறு பல்லவியார் எடுத்தார். குரல் உச்சத்தில் உடைந்தது. உடைந்த இடத்தில் இருபது குரல்கள் வந்து தாங்கிக்கொண்டன. கீழே பெஞ்சில் ஒரு முக்காடு லேசாகத் திரும்பியது. பல்லவியாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீடு திரும்பும்போது நெஞ்சு இரண்டங்குலம் நிமிர்ந்திருந்தது. "பார்த்தியா? நான் ஒரே ஒரு நாள் விறைப்பா நின்னேன். கோயிலே இறங்கி வந்துருச்சு!"

"ஆமாங்க. சாமியாரும் உங்க குரலைத்தான் மெச்சினார். பாப்பரசரோட புது உரை வந்திருக்காம். பத்துப் பக்கம். அடுத்த ஞாயிறு பூசையில கணீர்னு வாசிக்க ஆள் வேணும்னார். நீங்க ஒத்துக்கிட்டதாச் சொல்லிட்டேன்."